முதல் தடகொளய (தண்டப் பத்திரம்): வேகத்துக்கு பைன் எழுதினால் என்ன செய்வது?

வேகம் பார்க்கும் கருவியின் சின்னத் திரையில் 64 என்று இருந்தது.

கொழும்பு மரைன் டிரைவ், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. இடது பக்கம் கடல், வீதியில் இரண்டு நாய்களைத் தவிர யாரும் இல்லை. அப்பாவின் காரை வெள்ளவத்தையில் எடுத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். லைசன்ஸ் கைக்கு வந்து ஐந்து மாதம். நிறுத்தியிருந்த வேன் ஒன்றின் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"மல்லி, லைசன் எக தென்ன."

தம்பி, லைசன்ஸைக் கொடு. அவ்வளவுதான் அவர் சொன்னது. அதன் பிறகு பிழை விட்டதெல்லாம் நான்தான். பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். பொலிஸில் ஆள் தெரியும் என்று எப்போதோ சொன்ன மாமாவுக்கு ஃபோன் எடுத்தேன், மாமா நித்திரை. கடைசியில் கையில் தந்த தாளை வாசித்துப் பார்க்காமல், வெயில் மறைப்புக்குள் செருகிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது ஞாபகத்துக்கு வந்தது பதினாறாம் நாள். ஐயாயிரத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் பத்தாயிரத்தில் வந்து நின்றது. வேகத்துக்கு ஐயாயிரம், மறதிக்கு ஐயாயிரம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல் தண்டம் எழுதப்படும்போது எல்லோரும் வீதியோரத்தில் நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். உண்மையில் விஷயம் இருப்பது அதற்குப் பிறகு வரும் 14 நாட்களில்.

கை காட்டினால்

இடது சிக்னலைப் போடுங்கள். கண்ணாடியில் பின்னால் பஸ் வருகிறதா என்று பாருங்கள். கோல் ரோட் எனும் காலி வீதியில் பொலிஸ் மறித்ததும் சடாரென்று பிரேக் அடித்து, பின்னால் வந்த 100ஆம் இலக்க பஸ்ஸிடம் இடி வாங்கினால் பைன் சின்ன விஷயமாகிவிடும். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்குங்கள். இரவென்றால் உள்லைட்டைப் போடுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள்.

நம் ஊரில் பலர் உடனே கதவைத் திறந்து இறங்கி அதிகாரியை நோக்கி நடப்பார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் காலி வீதியில் மற்ற வாகனங்கள் வேகமாக வரும் பக்கம்தான் சாரதியின் கதவு. வரச் சொன்னால் மட்டும், பின்னால் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேட்கப் போவது சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி அட்டை, வாகன வருமான அனுமதிப்பத்திரம். கடைசியாகச் சொன்னது முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும். திகதி முடிந்திருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். வீட்டு வாகனத்தை எடுத்து ஓட்டும் இளசுகள் இங்கேதான் மாட்டுவது. காப்புறுதி அட்டை அப்பாவின் பேர்ஸில் இருக்கும், கார் பம்பலப்பிட்டியில் இருக்கும். வேகத்துக்கு ஒரு தண்டம், இல்லாத பத்திரத்துக்கு இன்னொரு தண்டம். இன்றைக்கே அட்டையைக் காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

மொழி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்தவர்களுக்கு எப்படியோ சிங்களம் வந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ படிக்க, வேலைக்கு வந்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். "சிங்ஹல டிகக் புளுவன்" என்று, கொஞ்சம்தான் தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், அல்லது தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள். நாலைந்து சொல் தெரிந்திருந்தால் போதும். வேகய என்றால் வேகம். தட கொளய என்றால் தண்டப் பத்திரம். தெபெல் கந்தோருவ தபாலகம். உசாவிய நீதிமன்றம். "தவஸ் தாஹதரக்" என்று காதில் விழுந்தால் அது 14 நாள். அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாதம் செய்யலாமா? கேள்வி கேட்கலாம், வாதம் வேண்டாம். எத்தனையில் போனேன், இங்கே எல்லை எத்தனை, கருவியில் பதிவானதைக் காட்ட முடியுமா. இந்த மூன்றையும் சாதாரணக் குரலில் கேளுங்கள். வேகம் பார்க்கும் கருவியில் எண் நிற்கும். எனக்குக் கேட்காமலே காட்டினார்கள். "மீற்றரில் 55தான் இருந்தது" என்ற பேச்சு எடுபடாது. வாகனங்களின் மீற்றர் பொதுவாக உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. பெரிய டயர் மாட்டி அழகு பார்த்தவர்களுக்கு மட்டும் கதை தலைகீழ். டயர் பெரிதானால் மீற்றர் குறைத்துக் காட்டும். அப்படியொரு வாகனத்தில் இருந்துகொண்டு அதை வாயால் சொல்லாமல் இருப்பதே நல்லது.

"பார்த்து ஏதாவது செய்யலாமா சேர்?" என்ற கேள்வியும் வேண்டாம். லஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும், கொடுக்க முன்வருவதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. உங்களிடம் யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. ஐயாயிரம் ரூபாத் தண்டத்தை ஆயிரம் ரூபாவில் முடிக்கப் போய் வழக்கில் மாட்டுவதைவிடப் பெரிய நட்டம் வேறில்லை. மாமாவுக்கு ஃபோன் எடுப்பதும் அப்படித்தான். தெரிந்த ஆள் இருக்கிறார் என்று நீங்கள் ஃபோனைக் காதில் வைத்த நிமிடமே அதிகாரியின் முகம் மாறும். எனக்கு மாறியது.

தாளை வாசியுங்கள்

தண்டப் பத்திரத்தை எழுதி உங்கள் கையில் தந்துவிட்டு லைசன்ஸை அவர் வைத்துக்கொள்வார். இதுதான் பலருக்குத் தெரியாதது. அந்தத் தாள் வெறும் பில் இல்லை. 14 நாட்களுக்கு அதுதான் உங்கள் தற்காலிக லைசன்ஸ். இடையில் வேறு யாராவது மறித்தால் அதைத்தான் காட்ட வேண்டும். வெயில் மறைப்புக்குள் செருகி மை அழிய விட்டால், அல்லது ஜீன்ஸோடு சேர்த்துத் தோய்த்துவிட்டால், உங்களிடம் லைசன்ஸும் இல்லை, அதற்குப் பதிலான தாளும் இல்லை.

ஆகவே வண்டியை எடுக்குமுன் அங்கேயே இருந்து இரண்டு நிமிடம் வாசியுங்கள். பெரும்பாலும் கையெழுத்து சிங்களத்தில் இருக்கும். எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. உங்கள் லைசன்ஸ் இலக்கம், வாகன இலக்கம், திகதி, நேரம், தொகை இவற்றைச் சரிபாருங்கள். பிறகு வாயைத் திறந்து கேளுங்கள்: லைசன்ஸ் எந்தப் பொலிஸ் நிலையத்தில் இருக்கும்? எந்த நீதிமன்றம் எழுதப்பட்டிருக்கிறது? அதைத் தமிழில் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளாதீர்கள், தாளில் எதுவும் கிறுக்க வேண்டாம்; ஃபோனில் குறியுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து அம்மாவுக்கோ நண்பனுக்கோ அனுப்பிவிடுங்கள். உங்கள் ஃபோன் தொலைந்தாலும் படம் இருக்கும்.

அப்புறம் ஃபோனில் பத்தாம் நாளுக்கு அலாரம் வையுங்கள். பதினாலாம் நாளுக்கு வைக்காதீர்கள். பதினாலாம் நாள் போயா (பௌர்ணமி விடுமுறை) தினமாக இருக்கும், அல்லது ஞாயிறாக இருக்கும், அல்லது தபாலகத்தில் வேலைநிறுத்தமாக இருக்கும். 2025 ஆகஸ்டில் ஒரு வாரம் அப்படித்தான் தபாலகங்கள் முடங்கிக் கிடந்தன.

எவ்வளவு?

வேகத்துக்கான தண்டம் ஒரே தொகை இல்லை. 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, எல்லையை எத்தனை வீதம் தாண்டினீர்கள் என்பதைப் பொறுத்து அது ஏறும். 20 வீதம் வரை என்றால் 3,000 ரூபா. 20க்கு மேல் 30 வீதம் வரை 5,000. 30க்கு மேல் 50 வரை 10,000. அதற்கும் மேல் 15,000.

வீதக் கணக்கு பாடசாலையோடு போய்விட்டதென்றால் இப்படிப் பாருங்கள். கொழும்பு மாதிரி நகரப் பகுதியில் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் எல்லை 50. 60 வரை போனால் 3,000. 65 வரை 5,000. 75 வரை 10,000. 75ஐத் தாண்டினால் 15,000. நான் 64. இரண்டே இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில் பத்தாயிரத்திலிருந்து தப்பியிருக்கிறேன்; அன்று அது எனக்குத் தெரியாது.

நகரத்துக்கு வெளியே, வேறு பலகை இல்லாத வீதியில், எல்லை 70. அங்கே படிகள் 84, 91, 105 என்று நகரும். முச்சக்கர வண்டிக்கு எல்லை 40தான். அதாவது காலி வீதியில் எல்லா வாகனத்தோடும் சேர்ந்து 50இல் ஓடும் திரீவீலர்காரத் தம்பி, தான் சட்டப்படி போவதாக நினைத்துக்கொண்டே 25 வீதம் தாண்டியிருப்பார். ஓட்டுநர் செயலியில் வேலை செய்பவர்கள் இந்த எண்ணை மனதில் வைக்கவும்.

பலகைதான் கடைசி வார்த்தை. பாடசாலைப் பக்கத்திலும் வேலை நடக்கும் இடத்திலும் 50 என்ற பொது எல்லை செல்லாது, பலகையில் உள்ளதுதான் செல்லும். அதிவேகப் பாதையில் உச்சம் 100, ஆனால் வெளியேறும் வளைவுகளில் சட்டென்று விழும். 100இல் கால் மணி நேரம் ஓடிய காலுக்கு 60 என்பது நிற்பது மாதிரித் தெரியும். கட்டுநாயக்கவிலிருந்து வந்து பேலியகொடையில் இறங்குபவர்கள் இதை அனுபவித்திருப்பீர்கள்.

பணம் கட்டுவது

இரண்டு வழி. பழைய வழி தபாலகம். தண்டப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் காசையும் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை எடுப்பார்களா, சில்லறை இருக்குமா என்று அங்கே போய் யோசிக்க வேண்டாம், சரியான தொகையைக் கையில் வைத்திருங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிருங்கள். பணம் கட்டியதும் முத்திரை குத்தித் தரும் பற்றுச்சீட்டில் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மங்கலாக இருந்தால் அங்கேயே, அப்போதே, இன்னொரு தரம் குத்தச் சொல்லுங்கள். வெளியே வந்த பிறகு அது உங்கள் பிரச்சினை.

புதிய வழி கவ்பே (GovPay). அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணத்தை இணையத்தில் கட்டுவதற்காக 2025 பெப்ரவரியில் தொடங்கியது. அதே ஆண்டில் குருநாகல்–அநுராதபுரம் பாதையில் பரீட்சார்த்தமாகப் போக்குவரத்துத் தண்டத்தையும் சேர்த்தார்கள், பிறகு மேல் மாகாணத்துக்கும் வந்தது. உங்கள் வங்கிச் செயலிக்குள் கவ்பே என்று ஒரு பகுதி இருக்கும். அதில் பொலிஸ் தண்டப்பணத்தைத் தெரிவு செய்து, பத்திரத்தில் உள்ள இலக்கத்தையும் குற்றத்தின் விவரத்தையும் போட்டுக் கட்டலாம். இதில் பெரிய வசதி, மறித்த இடத்திலேயே கட்டலாம் என்பதுதான். பணம் வந்த செய்தி அதிகாரியின் ஃபோனுக்குப் போனதும் லைசன்ஸ் அங்கேயே உங்கள் கைக்குத் திரும்பும். தபாலகமும் இல்லை, பொலிஸ் நிலையமும் இல்லை, அலாரமும் இல்லை.

"கவ்பேயில் கட்டலாமா சேர்?" என்று அவர் பேனையைத் திறக்கும்போதே கேட்டுவிடுங்கள். என் காலத்தில் இது இருக்கவில்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

இலக்கத்தை அடிக்கும்போது மட்டும் நிதானம் தேவை. கை நடுங்கிக்கொண்டு, வெயிலில் திரை தெரியாமல், 6க்குப் பதில் 8ஐ அடித்தால் வேறு யாருடைய தண்டத்தையோ கட்டிய புண்ணியம் கிடைக்கும். கட்டி முடித்த திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

14 நாள் கடந்துவிட்டால்? 28ஆம் நாள் வரை கட்டலாம், ஆனால் இரட்டிப்பாக. நான் பதினாறாம் நாள் தபாலகத்துக்கு ஐயாயிரத்தோடு போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பத்தாயிரம்" என்றபோது, திரும்ப ஏடிஎம்முக்கு நடந்தேன். அதோடு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. தாளின் உயிர் 14 நாள். பதினைந்தாம் நாளும் பதினாறாம் நாள் காலையும் நான் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். அந்த இரண்டு நாளில் யாரையாவது இடித்திருந்தால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி லைசன்ஸ்தான். 28 நாளும் தாண்டினால் தபாலகம் கை விரித்துவிடும், நீதிமன்றம்தான்.

நான் அந்த வேகத்தில் போகவில்லை என்றால்

பணம் கட்டுவதென்றால் குற்றத்தை ஏற்றுக்கொண்டு, வழக்கு இல்லாமல் முடித்துக்கொள்கிறீர்கள் என்று பொருள். உண்மையாகவே பிழை உங்களுடையது இல்லையென்றால் கட்டாமல் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எந்த நீதிமன்றம் என்பது பிடித்த இடத்தைப் பொறுத்தது. புதுக்கடை, மாளிகாகந்தை, கல்கிசை என்று எதுவாகவும் இருக்கலாம், தாளைப் பாருங்கள்.

என் அபிப்பிராயம்: கருவி வேறு வாகனத்தைக் காட்டியிருக்கிறது, உங்களிடம் காருக்குள் வைக்கும் கமராவின் பதிவு இருக்கிறது, அல்லது அந்த இடத்துக்கு இல்லாத எல்லையை எழுதியிருக்கிறார்கள் என்பது போல கையில் பிடித்துக் காட்ட ஏதாவது இருந்தால் போங்கள். "எல்லாரும்தானே போனார்கள்" என்பது உண்மையாக இருக்கலாம். அதற்கு நீதிமன்றத்தில் ஒரு சதப் பெறுமதியும் இல்லை.

போவதென்றால் முழுநீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட், சப்பாத்து. ஃபோனை முழுதாக அணைத்துவிடுங்கள், சத்தத்தைக் குறைத்தால் போதாது. காலையிலேயே போய் இருக்க வேண்டும், ஏனென்றால் பெயரைக் கூப்பிடும்போது நீங்கள் வெளியே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தால் வராதவர் கணக்கில்தான் விழுவீர்கள். சிங்கள உச்சரிப்பில் நம் பெயர்கள் வேறு ஆளுடையது மாதிரிக் கேட்கும், காதைத் தீட்டி வையுங்கள். நடப்பது விளங்காவிட்டால் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு அரசியலமைப்பே உரிமை தந்திருக்கிறது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைப் பழைய ஆட்கள் இன்னும் முதலியார் என்றுதான் சொல்வார்கள். விளங்காமல் தலையாட்டி "ஓ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, என்ன சொன்னார்கள் என்று பக்கத்து ஆளிடம் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

நீதவான் விதிக்கும் தொகை தாளில் இருந்த தொகையாக இருக்க வேண்டும் என்றில்லை. அதிகமாகவும் வரலாம். ஒரு நாள் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

கடிதம் அப்பாவுக்கு வந்தால்

யாரும் மறிக்காமலே தண்டம் வருவதும் இப்போது உண்டு. 2024 தொடக்கத்திலிருந்து கொழும்புச் சந்திகளில் உள்ள கமராக்களைப் பார்த்தும் பொலிஸார் நடவடிக்கை எடுக்கிறார்கள். அது தேடிப் போவது சாரதியை இல்லை, வாகனத்தின் பதிவு உரிமையாளரை. அதாவது நீங்கள் விட்ட பிழைக்கு அப்பாவின் பெயரில் கடிதம் வரும். அதற்கு முதலே வீட்டில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அப்பா பைனுக்காகக் கோபப்படவில்லை, பதினாறு நாள் சொல்லாமல் இருந்ததற்குத்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

பழைய வாகனம் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் ஓடுவது நம்மிடையே சாதாரணம். கடிதம் பழைய உரிமையாளரின் வீட்டுக்குப் போகும், அவர் உங்கள் பெயரைப் பொலிஸிடம் கொடுப்பார், அதற்குள் நாட்கள் ஓடியிருக்கும். பெயரை மாற்றிவிடுங்கள்.

பிள்ளை வெளிநாடு போக விண்ணப்பித்திருக்கிறதே, இந்த பைன் அதைப் பாதிக்குமா என்று பெற்றோர்கள் கவலைப்படுவதுண்டு. நேரத்துக்குக் கட்டி முடித்த தண்டப் பத்திரத்தில் வழக்கே இல்லை. வழக்காக மாறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் கையில் இருப்பது.

லைசன்ஸைத் திருப்பி எடுப்பது

தபாலகத்தில் கட்டியதோடு வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். லைசன்ஸ் தானாக வராது. பற்றுச்சீட்டை எடுத்துக்கொண்டு, லைசன்ஸை வைத்திருக்கும் பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிலையத்துக்கு இல்லை, பிடித்த அதிகாரியின் நிலையத்துக்கு.

கொழும்புக்குள் என்றால் ஒரு பஸ் தூரம். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு நண்பர்களோடு காரில் யாழ்ப்பாணம் போகும்போது, புத்தளத்துக்கு அங்கால் காலியான நேர்வீதியில் 95இல் போய் மாட்டினால்? தண்டப் பணத்தை வெள்ளவத்தையில் கட்டலாம், லைசன்ஸ் புத்தளத்தில் இருக்கும். அந்தப் பத்து நிமிட வேகத்துக்காக இன்னொரு நாள் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய் வர வேண்டும். தூரப் பயணத்தில் பிடிபட்டால் கவ்பேயில் அங்கேயே கட்டப் பாருங்கள். அது சரிவராவிட்டால் திரும்பும் திகதி 14 நாட்களுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, வழியில் ஏதாவது தபாலகத்தில் கட்டிவிட்டு, கொழும்புக்கு வரும் வழியிலேயே லைசன்ஸை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

போகும்போது பற்றுச்சீட்டின் பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள், மூலத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். காலை நேரம் நல்லது. பின்னேரம் பாடசாலை விடும் நேரத்தில் போக்குவரத்துப் பிரிவில் இருப்பவர்கள் எல்லோரும் வீதியில் நிற்பார்கள், சாவி உள்ள ஆள் வரும்வரை வாங்கில் இருக்க வேண்டியதுதான்.

நான் போன நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் இரும்பு அலுமாரியைத் திறந்து, ரப்பர் பட்டி போட்ட லைசன்ஸ் கட்டுகளை மேசையில் எடுத்து வைத்தார். சீட்டுக் கட்டுப் போலத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றை உருவி, பதிவுப் புத்தகத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நீட்டினார். "பரிஸ்ஸமின் யன்ன மல்லி" என்றார், பார்த்துப் போ என்று. வெளியே வாசல் வரை வந்து அட்டையைப் பார்த்தால், மீசை வைத்த ஐம்பது வயது மனிதர் ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்ச் சொன்னதும் சார்ஜன்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி கட்டைப் பிரித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முதல் அட்டையில் உள்ள முகத்தைப் பாருங்கள்.